முதல் கோரிக்கை

மார்ச் 4

அக்கா,

இன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுதலாம் என்று ஒதுக்கினால் எழுதவே மாட்டேன்.

காலை பத்து மணிக்கு எங்கள் பிரிவில் கோப்புகளைப் பங்கிடும் கூட்டம். பிரிவுத் தலைவர் ஒவ்வொரு காப்புரிமை விண்ணப்பத்தின் தலைப்பையும் படிப்பார். விண்ணப்பித்தவர் யாருக்காவது உறவா, பழக்கமா என்று கேட்பார். இல்லையென்றால் அது யாராவது ஒரு பரிசோதகரின் மேசைக்குப் போகும். ஐந்தாவது கோப்பின் தலைப்பு, ‘துண்டுகளாகக் குறியாக்கம் செய்த தரவில் தொலைந்த துண்டை மீட்கும் முறை’. கீழே உன் பெயர். நான் கையைத் தூக்கி, இவர் என் அக்கா என்றேன். அதற்கென்று இருக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தலைவர் அந்தக் கோப்பைப் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளினார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சல்லடை. அவரிடம் போன எந்த விண்ணப்பமும் கல் பொறுக்கப்படாமல் வெளியே வந்ததில்லை.

இதுவரை சரி. நான் சொல்லாதது இதற்கு அடுத்தது. “இதப் பத்தி வேற ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லிடுங்க” என்று தலைவர் வழக்கம்போலக் கேட்டார். எனக்குத் தெரியும். உன் விண்ணப்பம் பொதுப் பார்வைக்கு வந்த அன்றே படித்துவிட்டேன். முதல் கோரிக்கையில், இது முழுக்க என் கண்டுபிடிப்பு, இதற்குமுன் எங்கும் வெளிவரவில்லை என்று நீ வேலி போட்டுக் கேட்கும் அந்தப் படி தள்ளும் கூட்டல், ஒன்பது வருடங்களுக்கு முன்பே என் கல்லூரி ஆண்டு மலரில் நாற்பத்தோராம் பக்கத்தில் வந்துவிட்டது. எழுதியவள் நான்.

எங்கள் விதி உனக்கும் தெரியும். விண்ணப்பிக்கும் முன்பே அச்சில் வந்த ஒரு முறைக்குக் காப்புரிமை கிடையாது, அச்சில் போட்டது கண்டுபிடித்தவர் வீட்டு எலியாகவே இருந்தாலும்.

எல்லோரும் அடுத்த கோப்புக்குப் போய்விட்டார்கள். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உன் வக்கீலிடம் சொல்லிவிடு. நீயாகச் சொன்னால் அது திருத்தம். அவர்களாகக் கண்டுபிடித்தால் அதற்கு வேறு பெயர். இந்தக் கடிதத்தை நான் எழுதவே கூடாது என்பதும் உனக்குத் தெரியும். படித்ததும் கிழித்துவிடு.

எலி

மார்ச் 9

எலி,

சண்டை போட்டு ஏழு மாசம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும், அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான், அம்மா என் வீட்டில் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது ஞாபகம் வந்தது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. தரவைப் பூட்டி வைப்பதுதான் என் பிழைப்பு. உன் கடிதத்தைப் பூட்டி வைக்க எனக்குத் தெரியாதா? போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதினாய் பார், அந்த ஒரு விஷயத்தில் நீ என் தங்கச்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மலரை யாருடி படித்தார்கள்? முந்நூறு பிரதி அடித்திருப்பார்கள். அதில் பாதி விடுதி அலமாரிக்கு அடியில் விரித்திருப்பார்கள். இணையத்தில் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். உங்கள் சல்லடை எவ்வளவு சலித்தாலும், மாவு சல்லடைக்குள் வந்தால்தானே?

நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள். நகல் கடைக்கு மேலே இரண்டு அறை. என்னோடு இரண்டு பேர். நல்ல வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்தவர்கள். ஆறு வருஷ உழைப்பு. நாற்பது கிளை வைத்திருக்கும் ஒரு மருத்துவமனை, நோயாளிகளின் பதிவுகளை எல்லாம் நம் முறையில் பூட்டத் தயாராக இருக்கிறது. அவர்களுடைய சட்ட ஆலோசகர் அம்மா ஒரே ஒரு வரிதான் சொன்னார். முதல் கோரிக்கை கிடைத்தால் கையெழுத்து, இல்லையென்றால் கைகுலுக்கல்.

விண்ணப்பத்தை அவசரப் பட்டியலில் போட்டிருக்கிறோம். ஜூனில் விசாரணை வந்துவிடும். அதுவரை நீ பேனா மூடியையே கடித்துக்கொண்டிரு. அதுதான் நீ எனக்குச் செய்யும் உதவி.

ஒரு பிரதி உன் கல்லூரி நூலகத்தில் இருக்கும், இல்லையா? உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் ஒன்றும் சொல்லவில்லை. தூரத்தைத்தான் சொன்னேன்.

அக்கா

மார்ச் 21

அக்கா,

சனிக்கிழமை போனேன். ஆண்டு மலர்கள் முதல் மாடியில், ஜன்னலை ஒட்டி, பச்சை அட்டையில் வரிசையாக இருக்கின்றன. நம் மலரின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய இரவல் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட எடுத்துப் போகவில்லை. உனக்கு அது நல்ல செய்தி. எழுதியவளுக்குக் கொஞ்சம் வலித்தது.

அங்கேயே நின்று படித்தேன். தலைப்பு, ‘ஒரு கடிதம் தொலைந்தால்’. நீ விடுதியில் இருந்தபோது அம்மா படிக்கக்கூடாது என்று நாம் எண்களில் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றித்தான். ஒவ்வொரு கடிதத்தின் சாவியும் அதற்கு முந்தின கடிதத்திலிருந்தே கிடைக்கும், தனியாகச் சாவி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதுதான் அதன் அழகு. உன் மூன்றாவது கடிதத்தை அம்மா பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வந்த எதையும் என்னால் திறக்க முடியவில்லை. நீ யோசித்துவிட்டு, ஆறு கடிதத்துக்கு ஒருமுறை அந்த ஆறையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கூட்டி, விடையை ஏழாவதாக அனுப்பலாம் என்றாய். எது தொலைந்தாலும், ஏழாவதிலிருந்து மற்ற ஐந்தைக் கழித்தால் தொலைந்தது வந்துவிடும்.

இதுவரை உன்னுடையது. இதையெல்லாம் கட்டுரையில் அப்படியே எழுதியிருக்கிறேன். அடுத்த பத்தியைப் படித்தபோதுதான் நாற்காலி தேடினேன். எனக்குப் பதின்மூன்று வயது. நான் அனுப்பிய முதல் ஏழாவது கடிதத்தில், ஒவ்வொரு வரியையும் மேல்வரியிலிருந்து ஒரு கட்டம் வலப்பக்கம் நழுவவிட்டு, படிக்கட்டுபோல எழுதிக் கூட்டிவிட்டேன். நீ திட்டி ஒரு கடிதம் போட்டாய். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. ‘எலி, நீ செய்தது நல்ல தப்பு. படி எத்தனை கட்டம் என்று தெரியாதவன் தலைகீழாக நின்றாலும் இதைப் பிரிக்க முடியாது. இனிமேல் இப்படியே கூட்டு.’ அந்த வரியையும் மலரில் மேற்கோளாகப் போட்டிருக்கிறேன்.

உன் முதல் கோரிக்கை அந்தப் படிக்கட்டுதான். விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் ஒரே பெயர் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பொய்யாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

மலரை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். முறைப்படி முத்திரை குத்தி, இரவலாக. ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. அலமாரியில் மற்றப் புத்தகங்களுக்கு நடுவே வைத்தேன். பிறகு எடுத்துத் தனியாக மேசை இழுப்பறையில் வைத்தேன்.

எலி

ஏப்ரல் 2

என் தங்க எலிக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன். அன்று மத்தியானம்தான் பசி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. அம்மா, என்னடி இவ்வளவு சாப்பிடுற என்று கேட்டாள்.

சல்லடையின் முதல் அறிக்கை வந்துவிட்டது. பதினோரு ஆட்சேபம். எல்லாம் வெளிநாட்டுக் கட்டுரைகள், பழைய முறைகள். பத்துக்கு எங்களிடம் பதில் இருக்கிறது, பதினொன்றாவது ஒரு கமா. மலரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. என்னோடு இருக்கும் இருவரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. ஏன் என்று கேட்டார்கள். கை வலிக்கிறது என்றேன்.

மலர் உன்னிடமே இருக்கட்டும். நூலகத்தில் தொலைந்து போய்விட்டது என்று சொல்லிவிடு. வாழ்நாளில் ஒரு புத்தகம்கூடத் தொலைக்காதவள் நீ. ஒருமுறை தொலைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கண்டுபிடிப்பாளர் விஷயம். அதை நான் யோசிக்காமல் இல்லை. உன்னையும் சேர்த்தால் உங்கள் அலுவலகத்தில் உனக்குச் சங்கடம் என்று விட்டேன். இப்போது வேண்டுமானால் சொல். ஒரு படிவம்தான், வக்கீல் அரை மணியில் முடித்துவிடுவார். இரண்டு பேர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். நன்றாகத்தான் இருக்கும்.

அம்மா உன்னை விசாரித்தாள். சண்டை முடிந்ததா என்றாள். முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

மலரை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கொடுத்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். வந்த பிறகு பதினைந்து நாள் இழுப்பறையில் வைத்திருந்தேன். தொலைந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால். சரளமாகத்தான் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நூலகர் அம்மா புத்தகத்தை வாங்கியதும் அட்டையில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டினார். என்ன என்று கேட்டேன். அங்கே ஒரு நடைமுறையாம். பழைய தொகுதி எதையாவது ஒருவர் கேட்டு எடுத்தால், அதற்குத் தேவை இருக்கிறது என்று அர்த்தம். திரும்பி வந்ததும் ஸ்கேன் செய்து இணையப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். “ஒம்போது வருஷமா தூங்கிட்டு இருந்தது. நீங்கதான் எழுப்பினீங்க” என்று சிரித்தார். இரண்டு மாதத்துக்குள் ஏறிவிடுமாம். நான் எடுக்காமல் இருந்திருந்தால் அது அங்கேயே தூங்கியிருக்கும். நீ தூரத்தைச் சொன்னாய், நான் நடந்தேன்.

சல்லடைக்கு ஒரு பழக்கம் உண்டு. விசாரணைக்கு முந்தின நாள் எல்லா இடத்திலும் மறுபடி ஒருமுறை தேடுவார்.

அதனால் கேட்கிறேன். உன் நான்காவது கோரிக்கையைப் படித்துப் படித்து எனக்கு மனப்பாடமாகிவிட்டது. படியின் அளவு தானே மாறிக்கொண்டு போவது, இரண்டு துண்டு ஒரே நேரத்தில் தொலைந்தாலும் மீட்பது. பதின்மூன்று வயது எலியால் அதைத் தப்பாகக்கூடச் செய்திருக்க முடியாது. அந்த ஆறு வருடம் முழுக்க உன்னுடையது. முதல் கோரிக்கையை நீயே எடுத்துவிட்டு நான்காவதில் நில்.

என் பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னது பற்றி: கேட்காமல் செய்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். வாயை மூடுவதற்கு வைத்த இனிப்பாக வந்ததால் வேண்டாம்.

ஒரு வாக்குத் தருகிறேன். விசாரணை அறையில் நீ பேசும்வரை நான் பேச மாட்டேன். அங்கேயும் நீ சொல்லாவிட்டால், அன்று மாலை நான் சொல்வேன்.

எலி

ஏப்ரல் 26

மதிப்பிற்குரிய பரிசோதகர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் நேர்மை பாராட்டத்தக்கது. அதற்கு ஒரு சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லாததற்கு வருந்துகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எண்களில் எழுதினோமே, எதற்காக? யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக. நான் உனக்கு மட்டும் சொன்னதை நீ முந்நூறு பேருக்கு அச்சடித்துக் கொடுத்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? மலர் வந்ததும் கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்பினாய். நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அன்று ராத்திரி நீ எனக்குப் போட்ட எல்லாக் கடிதத்தையும் கட்டிப் பரணில் போட்டேன். அன்றைக்கு நான் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீ எதையும் உனக்கென்று வைத்துக்கொள்ளாதவள் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னுடையதையும் நீ வைத்துக்கொண்டதில்லை.

நான் எதையும் எடுக்கப் போவதில்லை. முதல் கோரிக்கை இருக்கும். உன்னால் ஆனதைப் பார்.

விண்ணப்பதாரர்

ஜூன் 11

அக்கா,

நேற்று விசாரணை அறையில் நீ செய்தது எனக்கு உன் வாயால் தெரியவில்லை. சல்லடை சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

நீ உட்காரக்கூட இல்லை. வக்கீல் பையைத் திறக்கும் முன்பே ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை மேசையில் வைத்தாய். உன் சொந்தப் பிரதி. முதல் பக்கத்தில் என் பத்தொன்பது வயதுக் கையெழுத்து. “இது என் தங்கச்சி எழுதினது. நாப்பத்தொண்ணாம் பக்கம். முதல் கோரிக்கைய எடுத்துடுங்க, நாலாவதுலேர்ந்து பேசலாம்” என்றாய். உன் வக்கீலுக்கு வியர்த்துவிட்டதாம்.

சல்லடை எதையும் ஒளிக்கத் தெரியாத மனிதர். கோப்பைத் திறந்து, இது எங்களுக்குக் காலையிலேயே தெரியும் என்று என் வாக்குமூலத்தைக் காட்டிவிட்டார். மேலே அலுவலக முத்திரை, காலை மணி ஒன்பது ஐந்து. உன் விசாரணை பத்தரைக்கு. நீ அதை இரண்டு முறை படித்தாயாம். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாயாம்.

நடந்தது இதுதான். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கடைசித் தேடலை முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, “ஒண்ணும் சிக்கல. உங்க அக்காவுக்கு நல்ல நேரம்” என்றார். அந்த மலர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. ஸ்கேன் செய்யும் இயந்திரம் பழுதாம், பிறகு விசாரித்தேன். அதுவரை அவர் கண்டுபிடித்துவிடுவார் என்ற நினைப்பில் ஒரு சௌகரியம் இருந்தது. இப்போது இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி ‘எடுக்கப் போவதில்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தாள். உன் ஏப்ரல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீ கோபத்தில் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்பது இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியும். நேற்று காலை ஒன்பது மணிக்கு அது எனக்கு ஞாபகம் வரவில்லை. தலைவர் வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். அவர் உட்காரும் முன்பே வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன்.

நீ பேசும்வரை பேச மாட்டேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் காத்திருக்க என்னால் முடியவில்லை. மார்ச் மாதம் பேச வேண்டிய இடத்தில் பேசாதவள், ஜூனில் பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் பேசிவிட்டேன்.

நீ வெளியே போகும்போது என் மேசையைத் தாண்டித்தான் போனாய். நான் எழுந்து நின்றேன். நீ என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாய்.

நம் கடிதங்களைப் பற்றியும் தலைவரிடம் சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை. தரவுக் கோப்புகள் எதையும் இனி நான் தொடக்கூடாது.

மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே வக்கீல் எழுதியதுபோல இருந்தது. அடித்துவிட்டேன்.

எலி

பிப்ரவரி 3

அக்கா,

உன் காப்புரிமைச் சான்றிதழின் நகல் தபாலில் வந்தது. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், வேறு துண்டுச் சீட்டு எதுவும் இல்லை. முகவரி உன் கையெழுத்து.

பழைய நான்காவது இப்போது முதல் கோரிக்கை. கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும், அதுதான் சரி. மூன்றாம் பக்கத்தில், முன்பே வெளிவந்தவை என்ற பகுதியில், படி தள்ளிக் கூட்டும் முறையை இன்னார் இன்ன மலரில் விவரித்திருக்கிறார் என்று என் முழுப் பெயரும் அச்சாகியிருக்கிறது. அந்த வாக்கியம் வக்கீலுடையது அல்ல. ‘தற்செயலான பிழையாகத் தொடங்கி’ என்று எந்த வக்கீலும் எழுத மாட்டார்.

நான் இப்போது மூடிகள் பிரிவில் இருக்கிறேன். பாட்டில் மூடி, டப்பா மூடி, பேனா மூடி. சல்லடை, உங்களுக்கு அனுபவம் இருக்கிற துறைதானே என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலைப் பிடித்து உன் வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்தாள். மருத்துவமனைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், உன்னோடு இருந்தவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார், நகல் கடை மாடியில் இப்போது ஒரு அறைதான் என்று சொன்னாள். நீ வெளியே போயிருப்பதாகவும் சொன்னாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தேன். மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பினேன்.

உன் செருப்பு வாசலில் இருந்தது.

எலி